கைதட்டு ஓய்ந்தபின் படத்தைத் தூக்கிக்கொண்டு எங்கே போவது?

திருவனந்தபுரம் தம்பானூரில் கைரளி, ஸ்ரீ, நிளா என்று ஒரே வளாகத்தில் மூன்று திரையரங்குகள் இருக்கின்றன. கேரள சலச்சித்ர அகாடமியின் ஆவணப்பட, குறும்பட விழாவில் என் படம் முதன்முதலாக ஓடியது அங்கேதான். ராமநாதபுரம் மாவட்டத்துக் கண்மாய் ஒன்றில் மடை திறந்து வயல்களுக்குத் தண்ணீர் பங்கிட்டு விடும் கடைசி நீர்பாய்ச்சியைப் பற்றிய 54 நிமிடப் படம். கைதட்டினார்கள். வெளியே டீக்கடையில் நாலு பேர் கை கொடுத்தார்கள். ஒருவர் ‘கட்டாயம் பேசுவோம்’ என்று விசிட்டிங் கார்டு நீட்டினார். அப்புறம் ஐந்து மாதம் யாரும் பேசவில்லை. ஹார்டு டிஸ்க் பீரோவில், அம்மாவின் பட்டுப்புடவைக்குக் கீழே கிடந்தது.

அந்த ஐந்து மாதமும் மற்ற விழாக்களின் பதிலுக்காக மெயிலைத் திறந்து திறந்து பார்த்ததில் போனது. நீங்கள் அதைச் செய்யாதீர்கள். விழாக்களுக்கு ஒரு கெடு வையுங்கள்; எட்டு மாதம் போதும். அதுவரை முழுப்படத்தை யூடியூபில் ஏற்ற வேண்டாம். ஏற்றிய படத்தைப் பல விழாக்கள் தொடாது. ஆனால் இது எல்லாப் படத்துக்கும் பொருந்தாது. மலக்குழி மரணங்களைப் பற்றிய ‘கக்கூஸ்’ படத்தைத் திரையிட விடாமல் தடுத்தபோது திவ்யபாரதி 2017-இல் அதை யூடியூபில் போட்டார். செத்துக்கொண்டிருக்கும் மனிதர்களைப் பற்றிய படம் விழாவுக்காகக் காத்திருக்க முடியாது. என் கண்மாய் எட்டு மாதம் காத்திருக்கும்.

‘நெட்ஃப்ளிக்ஸ்ல வருமா?’ என்று சித்தப்பா முதற்கொண்டு கேட்பார்கள். முதுமலை யானைக்குட்டிகளின் படம் ஆஸ்கர் வாங்கியதிலிருந்து இந்தக் கேள்விக்குத் தப்ப முடியாது. அது நெட்ஃப்ளிக்ஸ் தன் படமாகவே வெளியிட்டது. விழா வாசலில் விலைபோனது அல்ல. தியேட்டர் வழியும் அடைத்துக் கிடக்கவில்லை. 2017-இல் ‘ஆன் இன்சிக்னிஃபிகன்ட் மேன்’ ஊர் ஊராகத் திரையரங்குகளில் ஓடியது. ஆனால் அது நாடே பார்த்துக்கொண்டிருந்த ஆம் ஆத்மி கட்சியைப் பற்றிய படம். நம்முடையது அப்படியா என்று நமக்கே தெரியும். முயற்சி செய்யுங்கள், வழிமேல் விழி வைத்து உட்காராதீர்கள்.

விழாவிலிருந்து திரும்பிய வாரமே இரண்டு வேலைகளை முடித்துவிடுங்கள். ஒன்று, தணிக்கைச் சான்றிதழுக்கு விண்ணப்பிப்பது. விழாவில் காட்டக் கிடைத்த விலக்கு அந்த விழாவோடு சரி. நாளைக்கு ஊர்த்திடலில் யாராவது ‘சர்டிபிகேட் இருக்கா?’ என்று கேட்டால் கையில் காகிதம் இருக்க வேண்டும். இப்போது எல்லாம் தணிக்கை வாரியத்தின் இ-சினிபிரமாண் இணையதளத்தில்தான். 2023 சட்டத் திருத்தத்துக்குப் பிறகு சான்றிதழ் காலாவதியாவதும் இல்லை. இரண்டு, எடிட்டர் ப்ராஜெக்டை மூடுவதற்குள் சப்டைட்டில் இல்லாத ஒரு பிரதியை வாங்கிவிடுங்கள். விழாவுக்காகப் படத்தின் மேலேயே பதித்த ஆங்கில எழுத்து, முதுகுளத்தூர்ப் பக்கத்துக் கிழவிக்கு முகத்தை மறைக்கும் கோடுதான்.

இனி நோட்டை எடுங்கள். ‘சினிமா ஆர்வலர்கள்’ என்று எழுத ஆரம்பித்தால் அடித்துவிடுங்கள். நானும் முதலில் அப்படித்தான் எழுதினேன். சென்னையில் ஒரு சின்ன அரங்கை வாடகைக்கு எடுத்து, ஃபேஸ்புக்கில் போஸ்டர் போட்டு, பதினோரு பேர் வந்தார்கள். அதில் நால்வர் படத்தில் வேலை பார்த்தவர்கள். உங்கள் படம் பேசும் விஷயம் யாருக்கு அன்றாடக் கவலையோ அவர்களை எழுதுங்கள். என் நோட்டில் கடைசியில் நின்றவை: கண்மாய்ப் பாசன விவசாயிகள் சங்கங்கள், சிவில் என்ஜினீயரிங் படிக்கும் கல்லூரிகள், என்.எஸ்.எஸ். முகாம்கள், மதுரை தானம் அறக்கட்டளை போலக் கண்மாய் வேலை செய்யும் அமைப்புகள், த.மு.எ.க.ச. (தமிழ்நாடு முற்போக்கு எழுத்தாளர் கலைஞர்கள் சங்கம்) கிளைகள். இவர்கள் எல்லாரும் ஏற்கெனவே மாதம் ஒருமுறை எங்கேயோ கூடுகிறார்கள். நாம் கூட்டம் சேர்க்க வேண்டியதில்லை, அங்கே போனால் போதும்.

மெயில் அனுப்பாதீர்கள், போன் செய்யுங்கள். முதல் சங்கச் செயலாளரோடு பேசியது இன்னும் நினைவிருக்கிறது.

“படம் எவ்வளவு நேரம் தம்பி?”

“54 நிமிஷம்ணே.”

“அவ்வளவு நேரம் எவன் உக்காருவான்? சரி, ரெண்டாவது சனிக்கிழமை மாசக்கூட்டம். சாப்பாட்டுக்கு முந்திப் போட்டுரு. ஒருத்தனும் எந்திரிக்க மாட்டான்.”

எந்திரிக்கவில்லை. அன்றிலிருந்து எங்கே போனாலும் சாப்பாட்டு நேரத்தை முதலில் கேட்டுக்கொள்கிறேன்.

கல்லூரியில் சிக்கல் வேறு. ஒரு வகுப்பு 50 நிமிடம். மணி அடித்தால் பையன்கள் பையைத் தூக்கிவிடுவார்கள். என் படத்தின் கடைசி நாலு நிமிடத்தை இரண்டு கல்லூரிகளில் காலி நாற்காலிகள்தான் பார்த்தன. டைரக்டர் திமிரை இறக்கி வைத்துவிட்டு 26 நிமிடத்தில் ஒரு சுருக்கப் பதிப்பு செய்தேன். பாதி வகுப்பு படம், பாதி வகுப்பு பேச்சு. ஆசிரியர்கள் கேட்பது இதைத்தான்.

பையில் என்ன இருக்க வேண்டும்? முதல் கல்லூரிக்கு 6 ஜிபி கோப்போடு போனேன். அவர்கள் கொடுத்த பென்டிரைவ் எஃப்ஏடி32 ஃபார்மட்டில் இருந்தது. அதில் 4 ஜிபிக்கு மேல் ஒரே கோப்பு ஏறாது. நூறு பேர் காத்திருக்க, நான் வேர்த்து வழிந்து லேப்டாப்பில் படத்தைச் சுருக்கிக்கொண்டிருந்தேன். இப்போது 3.5 ஜிபி எம்பி4 ஒன்று எப்போதும் தயார். இரண்டு பென்டிரைவ், இரண்டும் வேறு வேறு பையில். பத்து மீட்டர் ஹெச்டிஎம்ஐ ஒயர், பழைய ப்ரொஜெக்டருக்கு விஜிஏ மாற்றி, லேப்டாப்பிலிருந்து ஆம்ப்ளிஃபயருக்குப் போகும் ஒயர். கடைசியாகச் சொன்னதை மறந்தால் லேப்டாப் ஸ்பீக்கருக்கு முன்னால் மைக்கை வைப்பார்கள். படம் கிணற்றுக்குள்ளிருந்து பேசும். மைக்செட்காரரை முதலில் பார்த்து, ‘அண்ணே’ என்று கூப்பிட்டு, டீ வாங்கிக் கொடுத்துவிடுங்கள். அன்றைய காட்சி அவர் கையில்தான் இருக்கிறது.

இதையெல்லாம் விட முக்கியமான காட்சி ஒன்று உண்டு. அதை நான் தாமதமாகத்தான் நடத்தினேன். படம் எடுத்த ஊரிலேயே போடுவது. கோயில் திடலில் இரண்டு மூங்கிலுக்கு நடுவே எட்டு முழ வேட்டி கட்டினோம். முந்தின நாள் மழை. படம் ஆரம்பித்த பத்தாவது நிமிடம் ப்ரொஜெக்டர் வெளிச்சத்துக்கு ஈசல் பொங்கி வந்தது. திரையில் நீர்பாய்ச்சித் தாத்தா மண்வெட்டியோடு நடக்கிறார், அவர் முகத்தின் மேல் ஆயிரம் நிழல் பறக்கிறது. நிறுத்திவிடலாமா என்று பார்த்தால் ஒருவரும் அசையவில்லை. சின்னப் பிள்ளைகள் மட்டும் ஈசல் பிடிக்க ஓடின. படம் முடிந்ததும் ஒரு பெரியவர் எழுந்து, “தம்பி, அது நடுமடை இல்ல. கீழமடை. தப்பாச் சொல்லியிருக்க” என்றார். தாத்தாவைப் பார்த்தேன். “ஆமா, நானும் சொல்லணும்னு இருந்தேன்” என்றார். விழாவில் ஒருவரும் கண்டுபிடிக்காத பிழை. விவரிப்பை மறுபடி பதிவு செய்து மாற்றினேன். விழாவுக்கு முன்பே அங்கே போட்டிருக்க வேண்டும்.

காசு விஷயம். ‘எவ்வளவு வாங்குவீங்க?’ என்று கேட்டால் ‘பார்த்துக் குடுங்க’ என்று சொல்லாதீர்கள், பொன்னாடைதான் வரும். கல்லூரிக்கு 5,000 ரூபாயும் பயணச் செலவும் என்று நேராகச் சொல்கிறேன். சங்கத்துக்குப் பஸ் காசு, சாப்பாடு. திடலில் போட்டால் முடிவில் துண்டு ஏந்துவோம். ஒரு ஊரில் 1,840 ரூபாய் விழுந்தது, அதில் பாதி பத்து ரூபாய்த் தாள். இதில் வெட்கப்பட ஒன்றுமில்லை. மலையாள இயக்குநர் ஜான் ஆபிரகாமும் அவருடைய ஒடேசா திரைப்பட இயக்க நண்பர்களும் எண்பதுகளில் கேரளத்து ஊர்களில் மக்களிடமே காசு திரட்டிப் படமெடுத்தார்கள். மதுரையில் ஆவணப்பட இயக்குநர் அமுதன் ஆர்.பி.யின் மறுபக்கம் அமைப்பு 1998-இலிருந்து ஆவணப்பட விழா நடத்துகிறது. நாம் போகும் பாதை ஏற்கெனவே நடந்து தேய்ந்ததுதான்.

ஒவ்வொரு காட்சியிலும் ஒரு நோட்டைச் சுற்றில் விடுங்கள்: பெயர், ஊர், போன் நம்பர். என்னுடைய 41 காட்சிகளில் முப்பதுக்குக் குறையாமல் வந்திருக்கும் அந்த நோட்டிலிருந்து.

யூடியூபில் ஏற்றும் நாளையும் யோசித்து வையுங்கள். நான் ஐப்பசியில், முதல் மழைக்குக் கண்மாய்ப் பேச்சு ஊரெல்லாம் அடிபடும் வாரத்தில் ஏற்றினேன். இனி யாரும் கூப்பிட மாட்டார்கள் என்றுதான் நினைத்தேன். அடுத்த வாரம் சிவகங்கைப் பக்கமிருந்து ஒருவர் போன் செய்தார்.

“படம் யூடியூப்லயே இருக்கேண்ணே” என்றேன்.

“இருக்கட்டும் தம்பி. பார்த்துட்டோம். நீ வா, எங்க மடைய வந்து பாரு, பேசணும்.”