ஒரே கோப்பில் வினாத்தாளும் விடைத்தாளும்

எட்டாம் வகுப்பு அறிவியலுக்கு நான் ஒரே கோப்பைத்தான் வைத்திருக்கிறேன். மார்க்டவுனில் (தலைப்பு, பட்டியல் போன்றவற்றை எளிய குறிகளால் காட்டும் எழுத்துமுறை) தட்டிய அந்த உரைக்கோப்பிலிருந்தே மாணவர் தாள், விடையோடு கூடிய ஆசிரியர் தாள், கைபேசிக்கான மின்னூல் மூன்றும் வருகின்றன. மாற்றித் தருவது பாண்டாக். தத்துவப் பேராசிரியரான ஜான் மக்ஃபார்லேன் 2006இல் வெளியிட்ட கட்டளைவரி நிரல் இது.

உபுண்டு லினக்ஸில், கட்டளைகளைத் தட்டும் முனையத்தில் ‘சூடோ ஆப்ட் இன்ஸ்டால் பாண்டாக்’ என்று ஆங்கில எழுத்தில் தட்டுங்கள். பிடிஎஃப் வேண்டுமென்றால் ‘டெக்ஸ்லைவ்-ஸீடெக்’ தொகுப்பும் தேவை. அதை நிறுவாமல் ஒரு மாலை முழுக்கத் திண்டாடினேன். பிடிஎஃப் ஆக்க இயல்பாக ஓடும் பிடிஎஃப்-லேடெக் என்ற நிரல், தமிழைக் கண்டதும் பிழை காட்டி நின்றுவிடும். பாண்டாக் கட்டளையில் பிடிஎஃப்-எஞ்சின் என்பதற்கு, அந்தத் தொகுப்பில் வரும் ஸீலேடெக்கையும், மெயின்ஃபான்ட் என்பதற்கு ஆங்கில எழுத்தும் எண்களும் சேர்ந்த தமிழ் யூனிகோடு எழுத்துருவையும் கொடுங்கள். பாமினி என்ற பழைய, யூனிகோடு அல்லாத எழுத்துருவில் தட்டிய தாள்களை முதலில் யூனிகோடுக்கு மாற்றிவிடுங்கள். பாண்டாக்குக்கு அவை வெறும் ஆங்கிலக் கிறுக்கல்.

விடையை மறைப்பதுதான் சுவையான வேலை. விடைப் பத்திக்கு மேலே மூன்று முக்காற்புள்ளி (:::) இட்டு, ‘விடை’ என்பதை ஆங்கில எழுத்தில் எழுதுங்கள். பத்திக்குக் கீழே மீண்டும் மூன்று. பிறகு லுவா என்ற நிரல்மொழியில் சில வரிகளில் ஒரு வடிகட்டி: ‘டிவ்’ என்ற பெயரில் செயற்கூறு ஒன்று. வந்த பகுதியின் பெயர், அதாவது முக்காற்புள்ளிகளை அடுத்து எழுதிய சொல், ‘விடை’ என்றால் வெற்றுப் பட்டியலைத் திருப்பித் தர வேண்டும். பகுதி மறைந்துவிடும். லுவா பாண்டாக்குக்குள்ளேயே இருக்கிறது, தனியாக நிறுவ வேண்டாம். கட்டளையில் ‘லுவா-ஃபில்டர்’ சேர்த்தால் மாணவர் தாள், நீக்கினால் ஆசிரியர் தாள்.

அச்சிடும் முன் திறந்து பாருங்கள். முக்காற்புள்ளி ஒன்று குறைந்ததால், ஒருமுறை என் வகுப்புக்கு வினாவோடு விடையும் சேர்ந்தே போயிற்று.