வாரம் முழுக்க பாட்காஸ்ட் கேட்கிறவர்கள் செய்யும் தவறுகள்

வரலாறு, க்ரைம், மதம், காமெடி. இந்த நாலையும் கலந்து ஒரு வாரத்துக்கு வேண்டிய எபிசோடுகளை வரிசையில் போட்டு வைத்துக் கேட்கிறவர்கள் நிறையப் பேர், நானும் பல வருஷமாக அப்படித்தான். கேட்கிற நேரம் நன்றாகத்தான் போகும். ஆனால் ஞாயிற்றுக்கிழமை யோசித்துப் பார்த்தால் எதை எந்த எபிசோடில் கேட்டோம் என்பதே பிடிபடாது, ஒரு கொலை வழக்கின் வருஷம் ஏதோ ஒரு போரோடு போய் ஒட்டிக்கொண்டிருக்கும். நாலையும் ஒரே காதால் கேட்பதால் வருகிற கோளாறு இது. கதை கேட்பது வேறு, வழக்கு கேட்பது வேறு, அடுத்தவரின் நம்பிக்கையைக் கேட்பது முற்றிலும் வேறு.

முதலில் வேகம். எல்லாவற்றையும் 1.5 மடங்கில் ஓட்டுகிற பழக்கம் பலருக்கு வந்துவிட்டது. செய்தி அலசலுக்கு அது சரி. காமெடியை அப்படி ஓட்டினால் அதில் ஒன்றும் மிஞ்சாது, ஏனென்றால் கடைசிச் சொல்லுக்கு முன்னால் விடுகிற அந்த அரை விநாடியில்தான் சிரிப்பே இருக்கிறது. சில ஆப்களில் இடையில் வருகிற மௌனத்தைத் தானாகவே வெட்டிவிடுகிற வசதி உண்டு, காமெடிக்கு அதை முதலில் அணைத்துவிடுங்கள். நிகழ்ச்சிவாரியாக வேகத்தை வைத்துக்கொள்ள முடிந்தால் இன்னும் நல்லது.

வரலாற்றில் நாம் செய்கிற பெரிய தவறு, குரலை நம்புவது. நன்றாகக் கதை சொல்லத் தெரிந்தவர் எதைச் சொன்னாலும் அது நடந்த மாதிரியே இருக்கும். டான் கார்லின் என்ற அமெரிக்கப் பாட்காஸ்டர் முதல் உலகப் போரைப் பற்றிச் செய்த தொடர் ஆறே எபிசோடுதான், ஆனால் மொத்தம் 20 மணி நேரத்துக்கு மேல். அவரே பல இடங்களில் நான் வரலாற்றாசிரியன் இல்லை என்று சொல்லிவிடுகிறார், யாருடைய குறிப்பிலிருந்து படிக்கிறேன் என்றும் சொல்கிறார். அந்த நேர்மை எல்லோரிடமும் இருக்காது. ரொட்டி இல்லையென்றால் கேக் சாப்பிடட்டும் என்று பிரான்ஸ் ராணி மேரி அன்டோனெட் சொன்னதாக இன்றும் எபிசோடுகளில் வருகிறது. யாரோ ஒரு இளவரசி அப்படிச் சொன்னதாக ரூசோ என்ற தத்துவஞானி எழுதியபோது மேரி அன்டோனெட் ஆஸ்திரியாவில் இருந்த சின்னப் பெண், பிரான்ஸுக்கு வந்ததே 1770-ல். கொம்பு வைத்த வைக்கிங் தலைக்கவசமும் அப்படித்தான். வட ஐரோப்பியக் கடலோடிகளான அந்த வைக்கிங்குகளோடு அதற்குச் சம்பந்தமே இல்லை, 1876-ல் ஜெர்மன் இசையமைப்பாளர் வாக்னரின் ஓபரா என்ற இசை நாடகத்துக்குத் தைத்த உடைகளிலிருந்து அது பரவியது.

அதனால் வரலாற்று எபிசோடு கேட்கும்போது ஒரு கேள்வியைக் கூடவே வைத்துக்கொள்ளுங்கள்: இது இவருக்கு எப்படித் தெரிந்தது? ராஜா அன்று ராத்திரி தனியாக அறையில் என்ன நினைத்தார் என்று வர்ணிக்கிறார் என்றால், அந்த அறையில் இருந்து எழுதி வைத்தது யார்? பதில் எபிசோடிலேயே வந்தால் தொடரலாம். அரை மணி நேரத்தில் ஒரு ஆதாரத்தின் பெயர்கூட வரவில்லை என்றால் அதை நல்ல கதையாக ரசியுங்கள், யாரிடமும் தகவலாகச் சொல்லாதீர்கள்.

க்ரைம்தான் எனக்கு அதிகம் உறுத்துகிற இடம். ஒருநாள் ராத்திரி பாத்திரம் கழுவிக்கொண்டே ஒரு எபிசோடு கேட்டுக்கொண்டிருந்தேன். கொல்லப்பட்ட பெண்ணின் அம்மா பேசினார். மகளின் அறையை இன்னும் கலைக்கவில்லை, சீப்பில் சிக்கிய முடியைக்கூட எடுக்கவில்லை என்றார். குழாயை மூடிவிட்டு ஈரக்கையோடு அப்படியே நின்றேன். அடுத்த நொடி மெத்தை விளம்பரம் வந்தது. அதுவரை நான் கேட்டுக்கொண்டிருந்தது ஒரு புதிர், யார் செய்தார்கள் என்று கண்டுபிடிக்கிற ஆட்டம். அந்தச் சீப்புக்குப் பிறகு அப்படிக் கேட்க முடியவில்லை.

கடைசி எபிசோடோடு வழக்கும் முடிந்தது என்று நினைப்பது இதில் இன்னொரு தவறு. 2014-ல் வந்த ‘சீரியல்’ என்ற பாட்காஸ்ட் தொடரால் அட்னான் சையத் என்ற பெயர் உலகம் முழுக்கத் தெரிந்தது. 1999-ல் பால்டிமோரில் ஹே மின் லீ என்ற பள்ளி மாணவி கொல்லப்பட்ட வழக்கில் தண்டனை பெற்றவர் அவர். 2022-ல் சையத்தின் தண்டனைத் தீர்ப்பு ரத்தாகி அவர் வெளியே வந்தார், பலர் அங்கேயே நிறுத்திக்கொண்டார்கள். 2023-ல் மேல்முறையீட்டு நீதிமன்றம் பழைய தண்டனைத் தீர்ப்பை மறுபடி நிலைநிறுத்தியது. 2025-ல் சிறையில் இருந்த காலமே போதும் என்று தண்டனை குறைக்கப்பட்டது, ஆனால் குற்றவாளி என்ற தீர்ப்பு அப்படியே இருக்கிறது. சீரியல் கேட்டவர்களிடம் அந்த மாணவியின் பெயரைக் கேட்டுப் பாருங்கள், பாதிப் பேர் யோசிப்பார்கள் என்று நினைக்கிறேன். எனக்கு அதுதான் வருத்தம்.

கேட்டு முடித்ததும் யாரைக் குற்றவாளி என்று முடிவு கட்டினோமோ அதை எல்லா இடத்திலும் எழுதுவது இதைவிட ஆபத்து. ஆஸ்திரேலியாவில் 1982-ல் காணாமல்போன லினெட் டாசன் வழக்கைப் பற்றி 2018-ல் ஒரு பாட்காஸ்ட் வந்து பெரிய பரபரப்பு ஆனது. அந்த வருஷமே அவர் கணவர் கைதானார். ஆனால் விசாரணை நியாயமாக நடக்க வேண்டுமே என்று 2019-ல் அந்தத் தொடரை அந்த நாட்டில் கேட்க முடியாதபடி எடுத்துவிட்டார்கள், ஜூரி இல்லாமல் நீதிபதி மட்டுமே விசாரித்தார். 2022-ல் கணவர் குற்றவாளி என்று தீர்ப்பு வந்தது. ஒரு நிகழ்ச்சி பழைய வழக்கை எழுப்பவும் முடியும், அதே நிகழ்ச்சி வழக்குக்கு இடைஞ்சலாகவும் முடியும். அப்புறம், தூங்கப் போகும் முன் க்ரைம் வேண்டாம், பகலில் கேளுங்கள்.

மத நிகழ்ச்சிகளில் நடக்கிற தவறு சட்டென்று கண்ணில் படாது. நம் மதம் என்றால் மனசுக்கு இதமான பக்திப் பேச்சைத் தேடுகிறோம், அடுத்தவர் மதம் என்றால் அதைக் கூறுபோட்டு ஆராய்கிற பேராசிரியரைத் தேடுகிறோம். ஒரு வாரம் மாற்றிக் கேளுங்கள். நம்முடையதை ஆராய்ச்சியாளரிடம், அவர்களுடையதை அதை உள்ளிருந்து வாழ்கிறவரிடம். கொஞ்சம் கஷ்டமாக இருக்கும், ஆனால் எனக்கு அதிகம் கற்றுத் தந்தது அந்த மாதிரி வாரங்கள்தான். ஆராய்ச்சி மாதிரி ஒலிப்பதெல்லாம் ஆராய்ச்சியும் இல்லை. பைபிளில் எந்தப் புத்தகங்கள் இருக்க வேண்டும் என்று 325-ல் நைசியாவில் கூடிய கிறிஸ்தவ ஆயர்களின் சங்கத்தில் வாக்கெடுத்து முடிவு செய்தார்கள் என்று அடித்துச் சொல்கிறவர்கள் உண்டு. அந்தச் சங்கம் கூடியது முக்கியமாக ஆரியுஸ் என்ற குருவின் போதனையைப் பற்றிய சண்டையைத் தீர்க்க, இயேசு கடவுளுக்குச் சமமானவரா இல்லை படைக்கப்பட்டவரா என்பது அதன் மையம். அங்கே போட்ட 20 விதிகளும் இன்றும் கிடைக்கின்றன, ஒன்றில்கூட புத்தகப் பட்டியல் இல்லை.

காமெடிக்கு வருவோம். வரலாற்றை வைத்துச் சிரிக்க வைக்கிற நிகழ்ச்சிகளில் மட்டும் கவனம் வேண்டும், ஏனென்றால் ஒரு மாதம் கழித்து மிகைப்படுத்திச் சொன்ன ஜோக்குதான் தகவலாக ஞாபகம் வரும். மற்றபடி புது காமெடி நிகழ்ச்சியை முதல் எபிசோடிலிருந்து தொடங்குவதைத் தவிருங்கள். பேசுகிறவர்களுக்குள் பழக்கம் கூடி சுருதி சேர நாளாகும், சமீபத்தில் வந்ததில் ஒன்றை எடுத்துக் கேட்டு, பிடித்தால் பின்னால் போகலாம். க்ரைம் தொடருக்கு இது தலைகீழ், முதல் பகுதியை விட்டால் ஒன்றும் புரியாது.

கடைசியாக வரிசை. தினம் ஒரு மணி நேரம் என்றால் வாரத்துக்கு 7 மணி நேரம்தான், அதில் 15 எபிசோடுகளைத் திணித்தால் துரத்திக்கொண்டுதான் கேட்போம். தானாக டவுன்லோட் ஆவதை அணைத்துவிட்டு ஞாயிறு மாலை கையால் தேர்ந்தெடுங்கள்: நீள வரலாறு ஒன்று, அதை இரண்டு மூன்று நாளுக்குப் பிரித்து. க்ரைம் ஒன்றுக்கு மேல் வேண்டாம். மதத்துக்கு வேறு வேலை இல்லாத ஒரு மணி நேரம். ராத்திரிகளுக்கு காமெடி. ஒவ்வொன்றும் முடிந்ததும் ஒரு வரி எழுதி வையுங்கள், என்ன கேட்டேன், யார் சொன்னது என்று மட்டும். மூன்று வாரமாகத் தொடாமல் கிடக்கிற எபிசோடுகளை அழித்துவிடுங்கள், வேண்டும் என்றால் தேடினால் கிடைக்கும்.