சோலார் நிறுவியவர் ஏமாற்றிவிட்டால்: சண்டைக்கு முன் சான்று

கூரையில் பொருத்திய சோலார் அமைப்பு சொன்ன அளவுக்கு மின்சாரம் தரவில்லை என்று தெரிந்ததும், பெரும்பாலோர் முதலில் செய்வது நிறுவியவரைத் தொலைபேசியில் அழைத்துச் சத்தம் போடுவதுதான். அதைச் சில நாட்கள் தள்ளிப்போடுங்கள். பேனல்கள் தரும் மின்சாரத்தை வீட்டுக்கு ஏற்றதாக மாற்றும் கருவியான இன்வெர்ட்டரின் கண்காணிப்புச் செயலிக்கான முதன்மைக் கணக்கு பல வீடுகளில் நிறுவியவரின் கையிலேயே இருப்பதால், அவர் நினைத்தால் நீங்கள் அதைப் பார்க்க முடியாதபடி ஒரே நாளில் அடைத்துவிடலாம். எனவே அமைப்பு ஓடத் தொடங்கிய நாள் முதலான உற்பத்திக் கணக்கை முதலில் பதிவிறக்கி, கொட்டேஷன், ஒப்பந்தம், ரசீது, விற்பனையாளர் அனுப்பிய குறுஞ்செய்திகள் ஆகியவற்றோடு சேர்த்து வைத்துக்கொள்ளுங்கள்.

அடுத்து பேனல்களை எண்ணுங்கள். ஒப்பந்தத்தில் 3 கிலோவாட் என்று எழுதியிருக்க, கூரையில் 335 வாட் பேனல்கள் 8 மட்டுமே இருந்தால், உங்களுக்குக் கிடைத்திருப்பது 2,680 வாட். அதாவது 320 வாட் குறைவு. இன்வெர்ட்டரின் மேல் 3 கிலோவாட் என்று அச்சிட்டிருப்பதைக் காட்டிச் சமாளிக்கப் பார்ப்பவர்கள் உண்டு. அது இன்வெர்ட்டரின் திறனே தவிர, பேனல்களின் திறன் அன்று. பேனலின் பின்புறச் சீட்டில் உள்ள வரிசை எண் பல தயாரிப்புகளில் கண்ணாடிக்கு அடியிலும் பதிந்திருக்கும். இரண்டு எண்களும் ஒத்துப்போகவில்லை என்றால், சீட்டு மாற்றி ஒட்டப்பட்டதோ என்று சந்தேகிக்க இடமுண்டு. அவற்றைப் படமெடுத்துத் தயாரிப்பாளருக்கே அனுப்பி, ஆலைச் சோதனையில் அந்தப் பேனல் எத்தனை வாட் காட்டியது என்று கேளுங்கள். இணைப்புகளை மட்டும் நீங்களே கழற்ற வேண்டாம். மெயின் சுவிட்சை அணைத்தாலும் வெயில் உள்ளவரை பேனல்களில் மின்னழுத்தம் இருந்துகொண்டே இருக்கும்.

குறைவு எல்லாமே மோசடி ஆகாது என்பதையும் சொல்லியாக வேண்டும். பேனலில் எழுதியுள்ள வாட், சதுர மீட்டருக்கு 1,000 வாட் ஒளியிலும் பேனலுக்குள் இருக்கும் சோலார் செல்களின் வெப்பம் 25 பாகை செல்சியஸாக இருக்கும் நிலையிலும் அளந்தது. வெயிலில் செல் 60 பாகைக்குச் சூடேறினால், பாகைக்குச் சுமார் 0.3 முதல் 0.4 சதவீதம் வீதம், பத்து சதவீதத்துக்கு மேல் திறன் குறைவது இயல்பு. இந்தக் கழிவை நீங்களே ஒப்புக்கொண்டு எஞ்சிய குறைவை மட்டும் கேட்டால், எதிர்த்தரப்பு சொல்லக்கூடிய முக்கியமான சாக்கு ஒன்று அடிபட்டுப்போகும். நிறுவியவரோடு தொடர்பில்லாத, உரிமம் பெற்ற மின்பணியாளர் ஒருவரின் அளவீட்டு அறிக்கை இதற்கு வலுச் சேர்க்கும்.

இப்போது கடிதம் எழுதலாம். ஒப்பந்தத்தின் எந்த வரி மீறப்பட்டது, அளந்ததில் என்ன தெரிந்தது, குறைந்த பேனல்களைத் தர வேண்டுமா அல்லது பணத்தைத் திருப்பித் தர வேண்டுமா, எந்தத் தேதிக்குள் என்பதைத் தெளிவாக எழுதிப் பதிவுத் தபாலில் அனுப்புங்கள். பேனல் பொருத்தியதால் கூரை ஒழுகினால், பழுது பார்க்கும் முன்பே நீர் இறங்கும் இடத்தைக் காணொளியாக எடுத்துவிடுங்கள். கடனில் வாங்கியிருந்தால் தவணையைத் தன்னிச்சையாக நிறுத்தாமல், கடன் தந்த நிறுவனத்துக்கும் புகாரின் நகலை அனுப்புங்கள். விற்பவரின் தவறுக்குக் கடன் தந்தவரையும் பொறுப்பாக்கும் சட்டங்கள் சில நாடுகளில் உண்டு. சரிசெய்ய வரும் ஆள் நீட்டும் “வேலை திருப்தியாக முடிந்தது” என்ற தாளில், ஒரு வாரமாவது உற்பத்தியைப் பார்க்காமல் கையெழுத்துப் போடாதீர்கள்.

கேட்ட தேதி கடந்தும் பதில் வராவிட்டால், இதே கோப்போடு உங்கள் பகுதியின் நுகர்வோர் குறைதீர் அமைப்பை அணுகலாம். அங்கே முறையிடுவதற்கான காலக்கெடுவை முன்கூட்டியே விசாரித்துக்கொள்ளுங்கள்; “அடுத்த மாதம் ஆள் அனுப்புகிறோம்” என்று நிறுவியவர் இழுத்தடிக்கும் மாதங்களும் பெரும்பாலும் அந்தக் கெடுவுக்குள்தான் கழிகின்றன.