சுரங்கச் சுவரில் நிலவெப்பம்: தவிர்க்க வேண்டிய தவறுகள்

ரயில், மெட்ரோ சுரங்கங்களின் கான்கிரீட் சுவருக்குள் பிளாஸ்டிக் குழாய்களைப் பதித்து, அவற்றில் சுழலும் திரவத்தின் மூலம் சுற்றியுள்ள மண்ணின் வெப்பத்தை எடுத்து, குறைந்த வெப்பநிலையை மின்சாரத்தால் உயர்த்தித் தரும் வெப்ப பம்பு வழியாகக் கட்டடங்களுக்குக் கொடுக்கும் முறை ஐரோப்பாவில் சில இடங்களில் செயல்படுத்தப்பட்டுள்ளது. தோண்டும் செலவை ரயில் திட்டமே ஏற்பதால் வெப்பம் ஏறக்குறைய இலவசம் என்று எண்ணுவோர் உண்டு. பெரும்பாலான தவறுகள் அந்த எண்ணத்திலிருந்தே கிளைக்கின்றன.

தாமதமாக யோசிப்பதே மிகப் பெரிய தவறு. இயந்திரத்தால் குடையும் சுரங்கத்தின் வளையத் துண்டுகள் ஆலையில் வார்க்கப்படுபவை என்பதால், ஆஸ்திரியாவின் யென்பாக் ரயில் சுரங்கத்தில் 54 மீட்டர் நீளத்துக்குச் செய்ததுபோல, வார்ப்பதற்கு முன்பே குழாய்களைக் கம்பிக்கூட்டில் கட்டிவிட வேண்டும். வளையங்களைப் பொருத்தி முடித்தபின் சுவருக்குள் குழாய் நுழைக்க வழியில்லை. ஒப்பந்தப்புள்ளி முடிந்த பிறகு இதைப் பேசத் தொடங்குவது கருத்தரங்குக்கு மட்டுமே பயன்படும்.

மண்ணை வற்றாத ஊற்றாகக் கருதுவது அடுத்த தவறு. லண்டனில் சுரங்கங்கள் அமைக்கப்பட்ட காலத்தில் ஏறத்தாழ 14 டிகிரி செல்சியஸாக இருந்த களிமண், ரயில்கள் வெளிவிட்ட வெப்பத்தால் இன்று பல இடங்களில் 19 முதல் 26 டிகிரி வரை சூடேறியிருக்கிறது; நீரோட்டமில்லாத களிமண் வாங்கிய வெப்பத்தை எளிதில் விடுவதில்லை. அதே காரணத்தால், ரயில் வெப்பம் குறைவான இடத்தில் குளிர்காலந்தோறும் வெப்பத்தை எடுத்துக்கொண்டே இருந்தால் மண் ஆண்டுக்காண்டு குளிர்ந்து பம்பின் திறன் குறையும். திரவம் உறைநிலைக்குக் கீழே ஓடினால் மண்ணிலுள்ள நீர் உறைந்து சுவரை அழுத்தவும் கூடும். கோடையில் வெப்பத்தைத் திருப்பிச் செலுத்துவதே பாதுகாப்பு. சுவிட்சர்லாந்தின் டேர்லிகனில் 1994 முதல் இயங்கிய செர்சோ அமைப்பு, நெடுஞ்சாலைப் பாலத்தின் மேற்பரப்பு கோடையில் பெறும் வெப்பத்தை 65 மீட்டர் ஆழமான 91 துளைகள் வழியாகப் பாறையில் சேமித்து, குளிர்காலத்தில் பாலத்தில் பனி உறையாமல் காத்தது. நிலத்தடி நீர் ஓடி வெப்பத்தை ஈடுசெய்யும் இத்தாலியின் தூரின் நகரில், மெட்ரோ முதலாம் தடத்தின் நீட்டிப்பில் கிடைத்த சோதனை அளவுகளைக் களிமண் நிலத்துக்கு அப்படியே பொருத்துவதும் இதே பிழைதான்.

சுரங்கக் காற்றின் வெப்பத்தையும் நிலவெப்பத்தையும் ஒரே கணக்கில் சேர்க்கக் கூடாது. லண்டனின் இஸ்லிங்டனில் 2020இல் தொடங்கிய பன்ஹில் இரண்டாம் ஆற்றல் மையம், கைவிடப்பட்ட சுரங்க ரயில் நிலையத்தின் காற்றோட்டக் குழியிலிருந்து எடுப்பது பெரும்பாலும் ரயில்களும் அவற்றின் பிரேக்குகளும் உண்டாக்கும் வெப்பம். ரயில் போக்குவரத்து மாறினால் அதுவும் மாறும்.

பயன்படுத்துவோர் அருகில் இருப்பதும் முக்கியம். பல கிலோமீட்டர் தள்ளியிருக்கும் கட்டடத்துக்கோ, தரைக்கடியில் பதித்த குழாய்களில் 35 டிகிரி நீர் ஓடினாலே அறை சூடாகும் அமைப்பு இல்லாத பழைய வீட்டுக்கோ இவ்வெப்பத்தைக் கொண்டுசெல்வது அரிதாகவே கட்டுப்படியாகும்.