லேப்டாப்பில் லினக்ஸ்: பென் டிரைவைச் செருகும் முன்பே செய்துவிடும் தவறுகள்

"லினக்ஸ் போட்டேன், லேப்டாப்பே போச்சு" என்று யாராவது புலம்பினால் நான் முதலில் கேட்பது ஒன்றுதான். பென் டிரைவைச் செருகுவதற்கு முன்னால் விண்டோஸுக்குள் என்ன செய்தீர்கள்? "என்ன செய்யணும்?" என்று திரும்பக் கேட்பார்கள். சிக்கல் அங்கேயே தெரிந்துவிடும். நிறுவல் இன்றைக்கு இருபது நிமிட வேலை. நாலைந்து கேள்விக்குப் பதில் சொல்லிவிட்டு எழுந்து போய்விடலாம். ஆளைக் கவிழ்ப்பதெல்லாம் அதற்கு முந்தைய அரை மணி நேரத்தில் செய்யாமல் விட்டவை, இல்லாவிட்டால் அதற்குப் பிந்தைய ஒரு வாரத்தில் பதற்றத்தில் செய்தவை.

விண்டோஸ் 10-க்கான வழக்கமான ஆதரவு 2025 அக்டோபர் 14-ஆம் தேதியோடு முடிந்துவிட்டது. விண்டோஸ் 11 ஏற்க மறுக்கிற, ஆனால் நன்றாகவே ஓடுகிற லேப்டாப்களை வைத்திருக்கும் பலர் உபுண்டு, மின்ட், ஃபெடோரா என்று லினக்ஸ் வகைகள் (டிஸ்ட்ரோ) பக்கம் எட்டிப் பார்க்கிறார்கள். இது அவர்களுக்காக.

பேக்கப் எடுங்கள் என்று சொல்வதைப் பெரிதாக விரிக்கப் போவதில்லை. எடுத்துவிடுங்கள், எடுத்த கோப்புகளில் இரண்டைத் திறந்தும் பாருங்கள். அதைவிட அதிகம் பேர் மறப்பது பிட்லாக்கர் சாவி, அதாவது டிஸ்கை என்கிரிப்ட் செய்து பூட்டும் விண்டோஸ் வசதியின் சாவி. "நான் எதையும் என்கிரிப்ட் செய்யவில்லையே" என்பார்கள். செய்திருக்க வேண்டியதில்லை. மைக்ரோசாஃப்ட் கணக்கில் நுழைந்தாலே பல லேப்டாப்களில் டிரைவ் என்கிரிப்ஷன் தானாகவே இயங்கத் தொடங்கிவிடும். பிறகு பயாஸில் (லேப்டாப் எழும்போதே திறக்கக்கூடிய அடிப்படை அமைப்புத் திரை) செக்யூர் பூட்டை (கையொப்பமில்லாத மென்பொருளோடு லேப்டாப்பை எழ விடாத பாதுகாப்பு) அணைத்தாலோ வேறு அமைப்பு எதையாவது மாற்றினாலோ, அடுத்த முறை விண்டோஸ் நீலத் திரையைக் காட்டி 48 இலக்க மீட்புச் சாவியைக் கேட்கும். அது பெரும்பாலும் உங்கள் மைக்ரோசாஃப்ட் கணக்கில் இருக்கும், ஆனால் அந்த நேரத்தில் அதைத் தேட உங்களிடம் வேறு கருவி வேண்டும். முதலிலேயே தாளில் எழுதி வைத்துவிடுங்கள். அதே லேப்டாப்பில் நோட்பேடில் சேமித்து வைத்த ஒருவரை எனக்குத் தெரியும்.

அடுத்தது விண்டோஸின் ஃபாஸ்ட் ஸ்டார்ட்அப் வசதி. இது இயங்கும்போது நீங்கள் ஷட்டவுன் கொடுத்தாலும் விண்டோஸ் முழுதாக அணைவதில்லை. கர்னலின் (இயங்குதளத்தின் மையப்பகுதி) நிலையை டிஸ்கில் எழுதிவிட்டு அரைத் தூக்கத்தில் கிடக்கும். வேடிக்கை என்னவென்றால், ரீஸ்டார்ட் கொடுத்தால்தான் அது முழுதாக அணைந்து எழும். அரைத் தூக்கத்தில் இருக்கும் விண்டோஸ் பார்டிஷனை (டிஸ்கில் விண்டோஸுக்கான பகுதி) லினக்ஸிலிருந்து திறந்தால், படிக்க மட்டும் விடும், எழுத விடாது. சில சமயம் திறக்கவே மறுக்கும். கன்ட்ரோல் பேனலின் பவர் அமைப்புகளில் அதை அணைத்துவிட்டால் வேலை முடிந்தது. விண்டோஸும் லினக்ஸும் ஒரே லேப்டாப்பில் இருக்கப்போகிறது என்றால் இதைத் தவிர்க்கவே கூடாது.

இன்னொரு தலைவலி: லினக்ஸை நிறுவும் மென்பொருளான நிறுவி திறந்ததும் டிஸ்க் எதுவும் தெரியாது. பென் டிரைவ் மட்டும் தெரியும். எஸ்எஸ்டி செத்துவிட்டது என்று பயப்பட வேண்டாம். இன்டெல் சிப் உள்ள பல லேப்டாப்களில் டிஸ்கை அணுகும் விதம் ஆர்எஸ்டி அல்லது ரெய்டு என்ற முறையில் வருகிறது. பயாஸில் அதை ஏஹெச்சிஐ என்ற பொதுவான முறைக்கு மாற்றினால் தெரிந்துவிடும். எல்லோரும் சறுக்குவது இந்த மாற்றத்தில்தான். நேராகப் போய் மாற்றிவிட்டால் விண்டோஸ் அதன் பிறகு பூட் ஆகாது, ஏனென்றால் அது ஏஹெச்சிஐ டிரைவரை (வன்பொருளை இயக்கும் மென்பொருள்) ஏற்றிப் பழகவில்லை. முதலில் விண்டோஸில் எம்எஸ்கான்ஃபிக் (msconfig) என்ற அமைப்புக் கருவியைத் திறந்து சேஃப் பூட்டைத் தேர்ந்தெடுங்கள். ரீஸ்டார்ட் ஆகும்போது பயாஸுக்குள் போய் ஏஹெச்சிஐக்கு மாற்றுங்கள். விண்டோஸ் ஒரு முறை சேஃப் மோடில் எழுந்து தேவையான டிரைவரை எடுத்துக்கொள்ளும். அப்புறம் சேஃப் பூட்டை எடுத்துவிடலாம். முன்சொன்ன 48 இலக்கச் சாவி இங்கேயும் தேவைப்படலாம் என்பதால் தாள் பக்கத்திலேயே இருக்கட்டும்.

பென் டிரைவ் தயாரிப்பு

ஐஎஸ்ஓ கோப்பை (லினக்ஸை இறக்கும்போது கிடைக்கும் கோப்பு) பென் டிரைவில் காப்பி பேஸ்ட் செய்துவிட்டு பூட் ஆகவில்லை என்பவர்கள் இன்னும் இருக்கிறார்கள். ரூஃபஸ், எட்சர் போன்ற கருவியால் எழுத வேண்டும். வென்டாய் மட்டும் விதிவிலக்கு. அதை ஒரு முறை பென் டிரைவில் நிறுவிவிட்டால் பிறகு ஐஎஸ்ஓக்களை வெறுமனே காப்பி செய்தாலே போதும்.

ஐஎஸ்ஓவை இறக்கியதும் அதன் எஸ்ஹெச்ஏ256 எண்ணை (கோப்பின் கைரேகை மாதிரி) இணையதளத்தில் போட்டிருக்கும் எண்ணோடு சரிபாருங்கள். பாதியில் அறுந்த டவுன்லோடு நிறுவலின் நடுவில் புரியாத பிழைகளைக் கொடுக்கும், நீங்கள் எஸ்எஸ்டியைச் சந்தேகித்துக்கொண்டிருப்பீர்கள். இன்னொரு காரணமும் உண்டு. 2016 பிப்ரவரி 20-ஆம் தேதி லினக்ஸ் மின்டின் இணையதளத்தை ஊடுருவியவர்கள், இறக்கும் இணைப்பைத் தாங்கள் கள்ளத்தனமாகத் திருத்திய ஐஎஸ்ஓவுக்குத் திருப்பிவிட்டார்கள். இணையதளத்தையே பிடித்தவர்கள் அங்கே போட்டிருக்கும் எண்ணையும் மாற்றிவிடலாம் என்பதால், முடிந்தவர்கள் ஜிபிஜி கையொப்பத்தையும் (வெளியிட்டவர்களின் டிஜிட்டல் முத்திரை) சரிபார்ப்பது நல்லது.

டெர்மினலில் (கட்டளைகளைத் தட்டச்சு செய்யும் சாளரம்), டிஸ்கில் நேரடியாக எழுதும் டிடி (dd) கட்டளையால் எழுதுபவர்களுக்கு என் சொந்த அனுபவம் ஒன்று. எப்போதும் என் பென் டிரைவ் எஸ்டிபி என்ற பெயரில்தான் வரும். கை பழகிவிட்டது, பார்க்காமலேயே அடித்து என்டர் தட்டினேன். அன்றைக்கு வெளி ஹார்ட் டிஸ்க்கும் செருகியிருந்தது; எஸ்டிபி அதற்குப் போய், பென் டிரைவ் எஸ்டிசி ஆகியிருந்தது. பென் டிரைவின் விளக்கு மினுக்கவே இல்லை, ஹார்ட் டிஸ்கின் விளக்கு மட்டும் விடாமல் மினுக்கிக்கொண்டிருந்தது. அதை நான் ரசித்துப் பார்த்துக்கொண்டிருந்தேன் என்பதுதான் கொடுமை. விஷயம் உறைப்பதற்குள் ஒரு ஜிபிக்கு மேல் எழுதிவிட்டது. ஃபோட்டோரெக் என்ற மென்பொருளால் படங்களில் பெரும்பகுதி திரும்பக் கிடைத்தன, ஆனால் அது கோப்புகளின் பழைய பெயர்களை மீட்டுத் தராது. ஆயிரக்கணக்கான படங்களை எண் எண்ணாகத் திறந்து பார்த்து அடுக்க வேண்டியிருந்தது. டிடிக்கு 'டிஸ்க் டெஸ்ட்ராயர்' என்று சும்மா பட்டப்பெயர் வைக்கவில்லை. டிஸ்குகளைப் பட்டியலிடும் எல்எஸ்பிஎல்கே (lsblk) கட்டளையை ஒரு முறை ஓட்டி, எந்தப் பெயருக்கு நேரே பென் டிரைவின் அளவு இருக்கிறது என்று பார்க்க ஐந்து விநாடி போதும்.

நிறுவு பொத்தானுக்கு முன்

பென் டிரைவிலிருந்து பூட் ஆனதும் நேரே நிறுவப் போகாமல் அந்த லைவ் சூழலிலேயே (நிறுவாமலே பென் டிரைவிலிருந்து ஓடும் லினக்ஸ்) பத்து நிமிடம் உலாவுங்கள். வைஃபை பிடிக்கிறதா, ஸ்பீக்கர் பேசுகிறதா, கேமரா, டச்பேட், திரை வெளிச்சம் கூட்டும் விசை எல்லாம் இயங்குகின்றனவா? முக்கியமாக, மூடியை மூடித் திறந்தால் எழுந்து வருகிறதா? இங்கே இயங்காதது நிறுவிய பிறகும் பெரும்பாலும் தானாகச் சரியாகாது. வைஃபைதான் வழக்கமாகக் காலை வாரும். சில பிராட்காம் சிப்களுக்குத் தனி டிரைவர் வேண்டும், அதை இறக்க இணையம் வேண்டும், இணையத்துக்கு வைஃபை வேண்டும். போனைக் கேபிளில் இணைத்து யூஎஸ்பி டெதரிங் கொடுத்தால் இந்தச் சுற்றிலிருந்து வெளியே வந்துவிடலாம். டெபியன் என்ற லினக்ஸ் வகை முன்பு இந்த விஷயத்தில் கறாராக இருந்தது. 2023 ஜூனில் வந்த டெபியன் 12 முதல் கட்டற்றது அல்லாத ஃபர்ம்வேரையும் (சிப்புக்குள் ஓடும் மென்பொருள்) அதிகாரபூர்வ நிறுவியிலேயே சேர்த்துத் தருகிறார்கள்.

பூட் மெனுவில் ஒரே பென் டிரைவ் இரண்டு வரியாகத் தெரியலாம். ஒன்றின் முன்னால் யூஇஎஃப்ஐ (பழைய பயாஸ் முறைக்குப் பின் வந்த புதிய பூட் முறை) என்று இருக்கும், இன்னொன்றில் இருக்காது. விண்டோஸ் யூஇஎஃப்ஐ முறையில் இருக்க, நீங்கள் பழைய பயாஸ் முறையில் லினக்ஸை நிறுவினால், இரண்டும் ஒரே வீட்டில் பேசாத அண்ணன் தம்பி மாதிரி ஆகிவிடும். ஒன்றின் பூட் மெனுவில் மற்றொன்று வராது. ஒரே முறையில் வைத்துக்கொள்ளுங்கள்.

பார்டிஷன் பிரிப்பதில் இரண்டே எச்சரிக்கை. விண்டோஸ் பார்டிஷனைச் சுருக்குவதை விண்டோஸின் டிஸ்க் மேனேஜ்மென்ட்டிலேயே செய்துவிட்டு, காலி இடத்தை மட்டும் லினக்ஸுக்கு விடுங்கள். பட்டியலில் சில நூறு எம்பி அளவில் ஒரு ஃபேட்32 பார்டிஷன் இருக்கும். "இது என்ன துக்கடா" என்று அழித்துவிடாதீர்கள், ஃபார்மேட்டும் செய்யாதீர்கள். இஎஃப்ஐ பார்டிஷன் அதுதான். விண்டோஸ் எழுந்திருக்கத் தேவையான கோப்புகள் அதில்தான் இருக்கின்றன, லினக்ஸும் தன்னுடையதை அதன் பக்கத்திலேயே வைத்துக்கொள்ளும்.

அந்த நீலத் திரையைத் தாண்டி ஓடாதீர்கள்

என்விடியா கிராஃபிக்ஸ் கார்டு உள்ள லேப்டாப்பில் செக்யூர் பூட் இயங்கும் நிலையில் உபுண்டு நிறுவும்போது, நடுவில் ஒரு கடவுச்சொல் உருவாக்கச் சொல்லும். எதற்கு என்று புரியாமல் ஏதோ ஒன்றைக் கொடுத்துவிட்டுப் போவோம். ரீஸ்டார்ட் ஆனதும் நீலத்தில் ஒரு திரை (பிட்லாக்கருடையது அல்ல) வந்து, ஏதாவது விசையை அழுத்து என்று சில நொடிகள் காத்திருக்கும். அழுத்தினால் மெனு வரும். அதில் என்ரோல் மோக் (Enroll MOK, சாவியைப் பதிவு செய்), கன்டின்யூ, யெஸ், அப்புறம் அந்தக் கடவுச்சொல். பார்க்காமல் விட்டால் அது தானாகவே நகர்ந்து சாதாரணமாக பூட் ஆகிவிடும். எல்லாம் நலம் என்று நினைப்பீர்கள். ஆனால் டிரைவருக்கான கையொப்பச் சாவி பதிவாகியிருக்காது, என்விடியா டிரைவர் ஏறாது. பிறகு டிரைவரை நான்கு முறை அழித்து நிறுவினாலும் பலன் இருக்காது, ஏனென்றால் கோளாறு டிரைவரில் இல்லை. அந்தக் கடவுச்சொல்லை எளிய சின்ன எழுத்துகளிலும் எண்களிலும் வையுங்கள். அந்தத் திரை அமெரிக்க விசைப்பலகை அமைப்பில் இயங்கும் என்பதால் சிறப்புக் குறிகள் இடம் மாறிப்போகலாம்.

நிறுவி முடித்ததும் கறுப்புத் திரைதான் வருகிறது என்றால், கிரப் மெனுவில் (எந்த இயங்குதளம் எழ வேண்டும் என்று கேட்கும் திரை) உபுண்டு வரியின் மேல் நின்று 'இ' (e) விசையை அழுத்துங்கள். லினக்ஸ் (linux) என்று தொடங்கும் வரியின் கடைசியில் நோமோட்செட் (nomodeset) என்ற சொல்லைச் சேர்த்து எஃப்10 அழுத்தினால் பெரும்பாலும் திரை வந்துவிடும். இது ஊன்றுகோல்தான். உள்ளே போய்ச் சரியான டிரைவரை நிறுவியதும் எடுத்துவிட வேண்டும். நிரந்தரமாக வைத்துக்கொண்டு, "வெளி மானிட்டர் வேலை செய்யவில்லை, வெளிச்சம் குறையவில்லை" என்று சொல்வதில் நியாயமில்லை.

விண்டோஸுக்குள் போய் வந்தால் கடிகாரம் சில மணி நேரம் தள்ளி ஓடுகிறதா? மதர்போர்டு கடிகாரத்தை விண்டோஸ் உள்ளூர் நேரமாகவும் லினக்ஸ் யூடிசியாகவும் (உலகப் பொது நேரம்) படிக்கின்றன. ஒன்றை மற்றொன்றின் வழிக்கு மாற்ற ஒரு வரி போதும். மதர்போர்டு பேட்டரியை மாற்ற வேண்டாம்.

கோளாறு பார்க்கும்போது

ஒலி வரவில்லை என்று ஒரு நண்பர் லேப்டாப்பைக் கொண்டுவந்தார். வழியில் ஆறு வழிகாட்டிகளைப் படித்து ஆறையும் செய்திருந்தார். ஒலியைக் கையாளும் பல்ஸ்ஆடியோவை நீக்கி, பைப்வயரை நீக்கி, ஏதோ கான்ஃபிக் கோப்பைத் திருத்தி, கடைசியில் டெஸ்க்டாப்பே காணாமல் போயிருந்தது. தொடக்கத்தில் நடந்தது என்னவென்றால், ஒலி ஹெச்டிஎம்ஐ வழியாகப் போகும்படி அமைப்பில் தேர்வாகியிருந்தது. அவ்வளவுதான். ஒரு மாற்றம் செய்யுங்கள், பாருங்கள், பலன் இல்லையென்றால் பழையபடி மாற்றிவிட்டு அடுத்ததற்குப் போங்கள். என்ன செய்தோம் என்பதை ஒரு நோட்டில் குறித்துக்கொள்ளுங்கள். மூன்றாம் நாள் நினைவிருக்காது.

டெஸ்க்டாப் எப்படிக் காணாமல் போகும்? ஒரு பொதியை (லினக்ஸில் மென்பொருள் வரும் மூட்டை) நீக்கும்போது அதை நம்பியிருக்கும் பொதிகளும் கூடவே போகும். எவை போகப்போகின்றன என்று டெர்மினல் பட்டியல் போட்டுக் கேட்கும். நாம் படிக்காமல் 'ஒய்' அடிப்போம். 2021-ல் யூடியூபர் லைனஸ் செபாஸ்டியனுக்கு இதுவே நடந்தது. பாப் ஓஎஸ் என்ற லினக்ஸ் வகையில், கேம்களுக்கான ஸ்டீமை நிறுவப் போனார். அந்த நேரத்தில் பொதிகளில் இருந்த ஒரு பிழையால், டெஸ்க்டாப்பையே நீக்கப்போவதாக எச்சரிக்கை வந்தது. அதைத் தாண்டி, "ஆம், நான் சொல்வதைச் செய்" என்ற வாக்கியத்தைக் கையால் அடித்து உறுதி செய்தார், டெஸ்க்டாப் போய்விட்டது. லினக்ஸை உருவாக்கிய டோர்வால்ட்ஸின் முதல் பெயரும் லைனஸ் என்பது தற்செயல்தான், என்றாலும் சிரிப்பு வருகிறது.

பூட் ஆகாமல் நின்றால் முந்தைய கர்னலில் முயலுங்கள். கிரப்பின் அட்வான்ஸ்டு ஆப்ஷன்ஸில் அது இருக்கும், இடம் அடைக்கிறது என்று நீங்கள் அழித்திருக்காவிட்டால். உள்ளே போனதும் ஜர்னல்சிடிஎல் (journalctl) கட்டளையால் முந்தைய பூட்டின் பதிவை மட்டும் எடுத்து, முதலில் வரும் பிழையைப் பாருங்கள். கடைசியில் வருவது பெரும்பாலும் முதல் பிழையின் விளைவாகத்தான் இருக்கும். உதவி கேட்கும்போது "வைஃபை வரலை" என்று மட்டும் எழுதாமல் லேப்டாப் மாடல், வைஃபை சிப்பின் பெயர், டிஸ்ட்ரோவும் பதிப்பும், கர்னல் எண், பிழைச் செய்தி அப்படியே, எல்லாவற்றையும் எழுதினால் முதல் பதிலிலேயே தீர்வு கிடைக்க வாய்ப்புண்டு.

புதிய பதிப்பு வந்த அன்றே அன்றாட வேலைக்கு வைத்திருக்கும் லேப்டாப்பில் போடுவதையும் நான் தவறாகத்தான் சொல்வேன். உபுண்டு 17.10-ஐ 2017 டிசம்பரில் இறக்கும் பக்கத்திலிருந்தே எடுக்க வேண்டி வந்தது. கர்னலில் இருந்த ஓர் இன்டெல் டிரைவர், குறிப்பிட்ட லெனோவா லேப்டாப்களின் பயாஸையே கெடுத்தது. இரண்டாண்டுக்கு ஒரு முறை ஏப்ரலில் வரும் எல்டிஎஸ் (நீண்ட கால ஆதரவு) பதிப்பை எடுத்துக்கொள்ளுங்கள், அதையும் ஓரிரு மாதம் விட்டு. மிகப் புதிய லேப்டாப்புக்கு மட்டும் இது பொருந்தாது. பழைய கர்னலுக்கு அதன் வைஃபை சிப்பே தெரியாமல் இருக்கலாம்.

எல்லாம் நன்றாக ஓடத் தொடங்கியதும் அந்தப் பென் டிரைவை ஃபார்மேட் செய்து வேறு எதையாவது ஏற்றிவிடாதீர்கள். என்றைக்காவது ஒரு அப்டேட்டுக்குப் பிறகு கிரப் வராமல் போனால், அதே பென் டிரைவில் பூட் செய்து, டிஸ்கைத் திறந்து கோப்புகளை எடுத்துக்கொள்ளலாம், கிரப்பையும் திரும்ப நிறுவலாம். என்னுடையதில் மார்க்கரால் 'தொடாதே' என்று எழுதி வைத்திருக்கிறேன்.