சாணி வண்டின் உண்ணிகளைப் பார்ப்பது எப்படி

போன ஐப்பசி மழையில் பக்கத்துத் தோட்டத்துக்காரர் ஒரு கொட்டாங்குச்சியில் வண்டு ஒன்றைப் போட்டுக்கொண்டு வந்தார். கொம்பு வைத்த பெரிய கறுப்புச் சாணி வண்டு. "சார், இதுக்கும் உண்ணி பிடிச்சிருக்கு. மாட்டுக்கு அடிக்கிற மருந்தை ரெண்டு சொட்டு விடலாமா?" என்றார். திருப்பினேன். அடிவயிற்றிலும் கால் இடுக்கிலும் கடுகில் பாதி அளவுக்குப் பழுப்புப் பூச்சிகள் ஓடிக்கொண்டிருந்தன. கால்நடை ஆய்வாளராக இருந்து ஓய்வு பெற்றவன் நான். ஆயுசு முழுக்க உண்ணியைக் கண்டால் மருந்து என்றே பழகிய கை. அன்றைக்கு மட்டும் கையைக் கட்டிக்கொண்டு லென்ஸை எடுத்தேன்.

இவை மாட்டு உண்ணியின் தூரத்துச் சொந்தம். ஆனால் வண்டின் மேல் இருப்பது ரத்தம் குடிக்க இல்லை, ஓசிச் சவாரிக்கு. இறக்கை கிடையாது, ஒரு சாணம் காய்ந்துபோனால் அடுத்த சாணத்துக்கு நடந்தே போய்ச் சேர முடியாது. பறந்து போகிறவன் முதுகில் ஏறிக்கொள்கின்றன. அதை நீங்களே பார்க்கலாம். லென்ஸ் ஒன்று, வெள்ளை டப்பா இரண்டு, பொறுமை கொஞ்சம் போதும்.

முதலில் வண்டு வேண்டும். நம் வீடுகளில் விடிவதற்குள் சாணியை அள்ளிவிடுவதால் வண்டுக்கு இடமே இல்லை. ஒரு சாணியை மட்டும் சிமெண்டுத் தரையில் இல்லாமல் மண்ணில், மர நிழலில் விட்டுவையுங்கள். மழை பெய்து ஈரம் இருக்கும் நாளாகப் பாருங்கள். மறுநாள் காலையில் ஓரத்தில் புதுமண் தள்ளியிருந்தால் வண்டு இறங்கிவிட்டது என்று அர்த்தம். களைக்கொத்தால் சாணத்தையும் அடிமண்ணையும் சேர்த்துப் பெயர்த்தெடுங்கள். வாளித் தண்ணீரில் சாணியைக் கரைத்தால் வண்டு தானாக மிதக்கும் என்பார்கள், மிதக்கும்தான். நான் முதல் நாள் அப்படித்தான் பிடித்தேன். வண்டு பளபளவென்று வந்தது, உண்ணிகளைத் தண்ணீரோடு கொட்டிவிட்டேன். அதனால் தண்ணீர் வேண்டாம். இன்னொரு சுலப வழி, மழைக்கால ராத்திரியில் வாசல் விளக்கடியில் வந்து விழும் பெரிய வண்டுகள்.

ஒரு டப்பாவுக்கு ஒரே வண்டுதான். இரண்டைப் போட்டால் உண்ணிகள் வண்டி மாறிவிடும், எது எதில் வந்தது என்று தெரியாது. அடியில் நனைத்துப் பிழிந்த துணித்துண்டு ஒன்று போடுங்கள்; ஈரம் காய்ந்தால் உண்ணிகள் செத்துப்போகும். அப்புறம் மூடியை இறுக்கிப் பத்து நிமிடம் ஃபிரிட்ஜில் வைக்கலாம், வண்டு சோம்பிவிடும். வீட்டில் கேட்டுவிட்டு வையுங்கள். நான் கேட்கவில்லை.

வெளியே எடுத்ததும் கட்டைவிரலுக்கும் ஆள்காட்டி விரலுக்கும் நடுவே பக்கவாட்டில் பிடித்து மல்லாக்காகத் திருப்புங்கள். முன்னங்கால்கள் ரம்பம் மாதிரி, விரலைக் கீறும்; கையுறை நல்லது. பத்து மடங்கு லென்ஸைக் கண்ணை ஒட்டி வைத்துக்கொண்டு வண்டை லென்ஸை நோக்கிக் கொண்டுவாருங்கள். கழுத்துப் பொருத்து, கால்கள் உடம்போடு சேரும் இடம், ரோமம் அடர்ந்த அடிப்பக்கம், மூடி போன்ற மேலிறக்கையின் விளிம்பு. இந்த நாலு இடத்தையும் விடாதீர்கள்.

ஓடுகிற பழுப்பு உண்ணிதான் பெரும்பாலும் மாக்ரோகீலிட் குடும்பம். எட்டுக் காலில் ஆறில்தான் நடக்கும். முன்கால் இரண்டையும் தூக்கிப்பிடித்து, கண் தெரியாதவர் கோலால் தடவுவதுபோலத் தடவிக்கொண்டே போகும். அந்தக் கால்களின் நுனியில் நகம் இல்லை, தொட்டு அறியத்தான் அவை. பறக்கும்போது கீழே விழாமல் இருக்க வண்டின் ரோமத்தைத் தாடையால் கவ்விக்கொள்ளும். சவாரி போவது வளர்ந்த பெண் உண்ணிகள் மட்டுமே. ஆணோடு சேராமல் போனாலும் கவலை இல்லை. கருவுறாத முட்டையிலிருந்து ஆண் குஞ்சுகள் வரும்.

ஊசியால் தொட்டாலும் நகராமல், குட்டி ஆமை ஓடு மாதிரி மினுங்கிக்கொண்டு இருப்பது வேறு கூட்டம், யூரோபோடா வகை. பக்கவாட்டில் பாருங்கள், பின்புறத்திலிருந்து ஒரு காம்பு கிளம்பி வண்டின் ஓட்டில் ஒட்டியிருக்கும். தன் கழிவுத் துவாரத்திலிருந்து சுரக்கும் பசையாலேயே அந்தக் காம்பைச் செய்துகொள்கிறது. இளம்பருவத்தில் மட்டும் இந்த வேலை. இவை தவிர வெளிறிய புள்ளிகளாகச் சில இருக்கும்; சாப்பிட வாய்கூட இல்லாத பயணப் பருவம். பத்து மடங்கு லென்ஸுக்கு அதற்கு மேல் பிடிபடாது.

சரி, நான் மிகவும் ரசித்தது அடுத்த வேலையைத்தான். இலைத்துண்டில் ஒரு கரண்டி புதுச்சாணி வையுங்கள். சாணியின் வெடிப்புகளில் ரவை மாதிரி வெள்ளையாக ஈ முட்டைகள் இருக்கும். நாலைந்தைத் தூரிகை நுனியில் எடுத்து மேலே வைத்து, வண்டை அருகில் விடுங்கள். வண்டு தலையை நுழைத்த கொஞ்ச நேரத்தில் உண்ணிகள் ஒவ்வொன்றாக இறங்கின. ஒன்று முன்காலால் முட்டையைத் தட்டிப் பார்த்தது, தாண்டிப் போனது, திரும்பி வந்து கவ்வியது. பருத்திருந்த முட்டை மெல்லச் சப்பி, கடைசியில் தோலாகக் கிடந்தது. ஈ முட்டையும் அப்போதே பொரித்த புழுவும் சாணத்து நூற்புழுவும்தான் இவற்றுக்குச் சோறு.

ஆஸ்திரேலியாவில் 1960களின் கடைசியிலிருந்து வெளிநாட்டுச் சாணி வண்டுகளை விட்டார்கள். நோய் எதுவும் கூட வந்துவிடக் கூடாதென்று வண்டு முட்டைகளைக் கழுவிச் சுத்தம் செய்து கொண்டுபோனதில் உண்ணிகள் பழைய ஊரிலேயே தங்கிவிட்டன. பிறகு ஈயைக் குறைக்கவென்று 1980களில் மாக்ரோகீலிஸ் பெரெக்ரைனஸ் என்ற உண்ணியைத் தென்னாப்பிரிக்காவிலிருந்து தனியாக வரவழைத்தார்கள். அதற்காக வண்டுக்கும் உண்ணிக்கும் உயிர் நட்பு என்று கதை கட்ட வேண்டாம். அளவுக்கு மீறி ஏறினால் வண்டுக்குப் பாரம்தான்.

தோட்டத்துக்காரரின் மருந்துக் கேள்விக்கு வருகிறேன். வண்டுக்கு மருந்து வேண்டாம். மாட்டுக்குப் போடும் மருந்தே வண்டைப் பாதிக்கும். உண்ணிக்கும் குடற்புழுவுக்கும் போடும் ஐவர்மெக்டின் ஊசி போட்ட மாட்டின் சாணத்தில் பல நாள் வரைக்கும் மருந்து இறங்கும், வண்டுப் புழுக்கள் அதில் பிழைப்பது கஷ்டம். எத்தனை ஊசி போட்டிருப்பேன்! ஒருநாளும் சாணியைத் திரும்பிப் பார்த்ததில்லை. ஊசி போட்டு அதிக நாள் ஆகாத மாட்டின் சாணியை இந்த வேலைக்கு எடுக்காதீர்கள்.

மாதிரி வைத்துக்கொள்வதானால் நனைத்த தூரிகை நுனியால் தொட்டு, சிறு குப்பியில் ஸ்பிரிட்டுக்குள் விடுங்கள். தேதி, ஊர், எந்த வண்டு, உடம்பில் எந்த இடம் என்று பென்சிலில் எழுதி உள்ளேயே போடுங்கள். பேனா மை கரைந்துவிடும். மிச்சத்தை இருட்டுவதற்குள் புதுச்சாணி மேல் விட்டுவிடலாம். டப்பாவையும் அங்கேயே தட்டுங்கள், மூலையில் இரண்டு மூன்று ஒளிந்திருக்கும். சோப்புப் போட்டுக் கை கழுவிய பிறகு ஃபிரிட்ஜையும் ஒருமுறை துடைத்துவிடுங்கள்.