கெண்டைக்கால் இழுத்துக்கிட்டா பதட்டத்துல நாம பண்ற தப்புங்க

ராத்திரி மூணு மணி இருக்கும், அம்மா "ஐயோ காலு"ன்னு போட்ட சத்தத்துல வீடே எழுந்துடுச்சு. வலது கெண்டைச்சதை எலுமிச்சம்பழம் மாதிரி உருண்டு கல்லா நிக்குது, பாதம் கீழ்ப்பக்கமா வளைஞ்சு கிடக்கு. அப்பா தைலத்தை எடுத்து அழுத்தி அழுத்தி தேய்க்கிறாரு, அம்மா இன்னும் கத்துறாங்க, நான் சும்மா நிக்கிறேன். அப்ப செய்ய வேண்டியதை ஒருத்தருமே செய்யலைன்னு அடுத்த வாரம் ஒரு பிசியோதெரபிஸ்ட் காலைப் புடிச்சு காட்டுனப்பதான் புரிஞ்சுது.

நம்ம வாய்ல வர்றது "நரம்பு இழுத்துக்கிச்சு", ஆனா இறுகி நிக்கிறது சதை. நரம்பு அதுக்கு சுருங்கு சுருங்குன்னு தகவல் அனுப்பிக்கிட்டே இருக்கு, அதான் அது விடமாட்டேங்குது. சுருங்குனதை நீட்டுனாத்தான் விடும். முட்டிய மடக்காம காலை நீட்டி, விரல்களை முகத்தைப் பாத்து மெதுவா இழுத்து முப்பது செகண்ட் அப்படியே வைக்கணும், வெடுக்குனு இழுக்கக் கூடாது. கை எட்டலைன்னா ஒரு துண்டை பாதத்துக்கு அடியில கொடுத்து ரெண்டு முனையையும் புடிச்சு இழுக்கலாம். எழுந்திரிக்க முடிஞ்சா குதிகாலை தரையில நல்லா ஊனி நில்லுங்க. தைலம், வெந்நீர் ஒத்தடம் எல்லாம் சதை இளகுனதுக்கு அப்புறம். இப்ப அம்மா கட்டில் தலைமாட்டுல ஒரு ஈரிழைத் துண்டு எப்பவுமே தொங்குது.

குப்புறப் படுத்தா பாதம் தானா கீழ நீண்டுக்கும், கெண்டைச்சதை ஏற்கனவே சுருங்குன நிலையில இருக்கும், தூக்கத்துல லேசா நீட்டி முறிச்சாக்கூட புடிச்சுக்கும். அப்படித்தான் தூக்கம் வரும்னா பாதம் கட்டில் ஓரத்தைத் தாண்டி வெளிய இருக்கட்டும். படுக்கறதுக்கு முன்னாடி செவுத்துல கை வச்சு, ஒரு காலை பின்னாடி நீட்டி, குதிகால் தூக்காம முன்னாடி சாயணும், காலுக்கு மூணு தடவை. 55 வயசுக்கு மேல உள்ளவங்ககிட்ட கெண்டைக்காலுக்கும் தொடைக்குப் பின்னாடியும் இந்த மாதிரி நீட்டல் ஆறு வாரம் செய்ய வச்சு நெதர்லாந்துக்காரங்க பாத்த ஆய்வு 2012ல வந்துது, ராத்திரி இழுக்கிறது நல்லாவே குறைஞ்சிருந்துச்சு. காசு செலவில்லாத விஷயம், அதனாலேயே யாரும் மதிக்க மாட்டேங்குறாங்களோன்னு தோணுது.

அதுக்குப் பதிலா மெக்னீசியம் மாத்திரைய வாங்கி மாசக்கணக்குல முழுங்குறாங்க. வயசானவங்களுக்கு ராத்திரி வர்ற இழுப்புக்கு அது பெருசா உதவுற மாதிரி தெரியலைன்னு பல ஆய்வுகளைச் சேத்துவச்சு அலசுற காக்ரேன் அமைப்போட 2020 தொகுப்பே சொல்லுது. வாழைப்பழம் சாப்பிடுங்க, நல்லது, ஆனா அதையே மருந்துன்னு நம்பாதீங்க.

வெயில்ல வேலை செஞ்சு, விளையாடி வர்றது வேற கதை. 1986ல சேப்பாக்கத்துல ஆஸ்திரேலிய கிரிக்கெட் வீரர் டீன் ஜோன்ஸ் அந்த வேக்காட்டுல வாந்தி எடுத்துக்கிட்டு, காலெல்லாம் புடிச்சுக்கிட்டு 210 ரன் அடிச்சாரே, அப்புறம் ஆஸ்பத்திரியில ட்ரிப்ஸ் ஏத்துற அளவுக்குப் போச்சு. வேர்வையில தண்ணியோட உப்பும் போகுது, சதையும் களைச்சுப் போகுது, அப்ப வெறும் தண்ணிய லிட்டர் கணக்குல குடிச்சா ரத்தத்துல இருக்கிற உப்பு இன்னும் நீர்த்துதான் போகும். உப்பு போட்ட நீர்மோர், நீராகாரம், இல்ல ஓஆர்எஸ் (உப்பு-சர்க்கரைக் கரைசல்) பாக்கெட்ட ஒரு லிட்டர்னு போட்டிருந்தா சரியா ஒரு லிட்டர்ல கலக்கி குடிங்க. பிபி, கிட்னி பிரச்சனை இருக்கிறவங்க உப்பும் இளநீரும் எவ்ளோன்னு டாக்டரைக் கேட்டுக்கோங்க. நீர் பிரியற மாத்திரை, கொலஸ்ட்ரால் மாத்திரை சாப்பிடறவங்களுக்கும் கால் இழுக்கலாம், நீங்களா நிறுத்திடாதீங்க, சொல்லி மாத்திக்கலாம்.

எனக்கு ரொம்ப பயமா இருக்கிற தப்பு, எல்லா கால்வலியையும் இழுப்புன்னு நெனச்சு நீவி விடறது. சாதாரண இழுப்பு சில நிமிஷத்துல விட்டுடும், மறுநாள் லேசா வலி இருக்கும். ஆனா ஒரு கால் மட்டும் வீங்கி, சூடா, செவந்து, வலி விடாம இருந்தா, அதுவும் ஆபரேஷன் முடிஞ்சு படுத்திருந்தவங்க, ராத்திரி பூரா பஸ்ல உட்கார்ந்து வந்தவங்க, கர்ப்பமா இருக்கிறவங்கன்னா, உள்ள ரத்தக்குழாய்ல ரத்தம் உறைஞ்சு கட்டியிருக்கலாம். அதை எண்ணெய் போட்டு அழுத்துனா கட்டி நகந்து நுரையீரலுக்குப் போய் உயிருக்கே ஆபத்தாயிடலாம். நடந்தா வலிச்சு நின்னா விடுதுன்னா, முக்கியமா பீடி சிகரெட் பழக்கம் இல்ல சுகர் இருந்தா, ரத்தக்குழாய் அடைப்பா இருக்கலாம், அதையும் தள்ளிப் போடாம காட்டுங்க. வீங்குன கால்னா விடியட்டும்னு காத்திருக்காம, எண்ணெய்க் கிண்ணத்தைக் கீழ வச்சுட்டு உடனே ஆஸ்பத்திரிக்குக் கிளம்புங்க.